கடையில் படுத்துப் பார்த்த லேடக்ஸ் மெத்தையை நாமே அடுக்கிக்கொள்ள முடியுமா?

வேளச்சேரிவாசி

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மெத்தைக் கடைக்குப் போனோம். 78க்கு 72 அளவு, 8 அங்குல உயரம், லேடக்ஸ் (ரப்பர் பால் நுரை) மெத்தை. சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று படுத்தவன் இருபது நிமிடம் எழவில்லை. மனைவி வந்து தட்டி எழுப்பினாள். விலை 68,000 ரூபாய். அதைக் கேட்ட பிறகுதான் முழுத் தூக்கமும் கலைந்தது.

உறைக்கு ஜிப் இருந்தது. விற்பனையாளர் திறந்து காட்டினார். உள்ளே மூன்று அடுக்கு: மேலே 2 அங்குலம் மென்மையானது, நடுவில் 2 அங்குலம் நடுத்தரம், அடியில் 4 அங்குலம் கெட்டியானது. எல்லாமே நூறு சதவீதம் இயற்கை லேடக்ஸ் என்றார். ஒட்டக்கூட இல்லை, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜிப் போட்டிருக்கிறார்கள். அப்போதே தோன்றிவிட்டது, இதில் என்ன வித்தை இருக்கிறது, இட்லித் தட்டு அடுக்குவது போலத்தானே என்று. லேடக்ஸ் பலகைகளைத் தனியாக வாங்கி, ஓர் உறை தைத்துப் போட்டால் அதே மெத்தை பாதி விலைக்கு வராதா?

எனக்கு 92 கிலோ எடை, மல்லாந்து படுப்பேன். மனைவி 54 கிலோ, ஒருக்களித்துப் படுப்பவள். எந்த அடர்த்தி, எங்கே வாங்குவது, பசை தேவையா, உறை யார் தைப்பார்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்

பாயை விரித்துப் படுத்தால் ஒரு செலவும் இல்லை. கோரைப்பாய்க்கு ஜிப்பும் வேண்டாம்.

பால்வெட்டு

எங்களுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு. அதனால் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன், அவசரம் உள்ளவர்கள் தாண்டிப் போகலாம்.

விடியற்காலையில் மரத்தைக் கீறி, சிரட்டையில் வடிகிற பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும், மற்றது பெரும்பாலும் தண்ணீர். அம்மோனியா சேர்த்து உறையாமல் காப்பாற்றி, தயிர் கடைவது போல இயந்திரத்தில் சுற்றி 60 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மெத்தைத் தொழிற்சாலைக்குப் போவது அதுதான். அங்கே கந்தகம், துத்தநாக ஆக்சைடு எல்லாம் சேர்த்து நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைக்கிறார்கள். இது டன்லப் முறை. 1929இல் பர்மிங்காமில் டன்லப் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. பலகையில் தெரிகிற ஓட்டைகள் காற்றோட்டத்துக்காகப் போட்டவை என்று கடையில் சொல்வார்கள். காற்றும் போகும், சரிதான். ஆனால் அவை அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிகளின் தடம். அந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் வெளிப்பக்கம் வெந்து நடுப்பக்கம் வேகாத பணியாரம் ஆகிவிடும்.

இன்னொரு முறை தலாலே. அச்சில் பாதி ஊற்றி, காற்றை உறிஞ்சி நுரையைப் பரவவிட்டு, உறையவைத்து, கரியமில வாயு செலுத்தி, பிறகு வேகவைப்பது. நுரை சீராக, பஞ்சுபோல வரும். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் டன்லப்தான்.

நீங்கள் கேட்ட அடர்த்தி: ஒரு கன மீட்டருக்கு 65 கிலோ பக்கம் இருந்தால் மென்மை, 75 முதல் 80 வரை நடுத்தரம், 85க்கு மேல் கெட்டி. பசை வேண்டாம். லேடக்ஸ்மேல் லேடக்ஸ் வைத்தால் நகரவே நகராது. ஒட்டிவிட்டால் நாளைக்கு அடுக்கை மாற்ற வழி இருக்காது.

ஸ்காபரோபனி

நான் கனடாவில் மூன்று வருடத்துக்கு முன் இப்படித்தான் செய்தேன். இங்கே தனி அடுக்குகள் 3 அங்குலத்தில் விற்கிறார்கள், மூன்று வாங்கினால் 9 அங்குல மெத்தை. அடர்த்தியைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள், ஐ.எல்.டி. எண்தான் கேட்பார்கள். 50 சதுர அங்குல வட்டத் தட்டால் நுரையை அழுத்தி, அதன் உயரத்தில் கால்வாசி அமுங்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். இருபதுக்குக் கீழே மென்மை, 25க்குக் கிட்ட நடுத்தரம், 35ஐத் தாண்டினால் கெட்டி.

தம்பி, ஒன்றைக் கவனியுங்கள். இங்குள்ள தளங்களில் "அடியில் 36, நடுவில் 28, மேலே 19" என்று எழுதியிருப்பதை அப்படியே இந்தியத் தொழிற்சாலையிடம் சொல்லாதீர்கள். அவை அநேகமாகத் தலாலே எண்கள். டன்லப் அமுக்க அமுக்க வேகமாகக் கெட்டியாகும். எண் ஒன்றாக இருந்தாலும் முதுகுக்கு ஒன்றாக இராது. நான் அந்த எண்களைப் பார்த்து அடியில் மட்டும் டன்லப் போட்டு, முதல் மாதம் திண்ணையில் படுத்தது போல இருந்தது.

நிறைகோல்

எண்ணும் வேண்டாம், வார்த்தையும் வேண்டாம். முதலில் மெத்தையின் எடையைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்ல மாட்டார், ஆனால் அட்டைப் பெட்டியிலோ பொதிச் சீட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். அளவு தெரியும், எடை தெரிந்தால் அடர்த்தி தானாக வெளியே வந்துவிடும்.

வேளச்சேரிவாசி

இன்று மறுபடியும் போனேன். கிடங்கிலிருந்து வந்த இன்னொரு மெத்தை உருட்டிக் கட்டியபடி வாசலில் நின்றது. அதே மாடல், அதே அளவு. சீட்டில் மொத்த எடை 46 கிலோ. இதை வைத்து என்ன தெரியும்?

நிறைகோல்

நிறையத் தெரியும். தாளும் பேனாவும் எடுங்கள்.

78 அங்குலம் 1.98 மீட்டர். 72 அங்குலம் 1.83 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 3.62 சதுர மீட்டர். இதில் 2 அங்குல அடுக்கு ஒன்றின் கன அளவு 0.184 கன மீட்டர்.

விற்பனையாளர் சொன்னது உண்மை என்று வைத்துக்கொள்வோம். மேலடுக்கு 65 அடர்த்தி என்றால் 12 கிலோ. நடு அடுக்கு 80 என்றால் 14.7 கிலோ. அடியில் 4 அங்குலம், 90 அடர்த்தி: 33 கிலோ. கூட்டினால் கிட்டத்தட்ட 60. உறைக்கு 4 கிலோ போட்டால் 64 கிலோ மெத்தை. சீட்டில் இருப்பது 46.

பதினெட்டு கிலோ எங்கே போயிற்று?

இப்போது அடியில் லேடக்ஸுக்குப் பதில் 40 அடர்த்தி எச்.ஆர். ஃபோம் (ரப்பர் அல்லாத செயற்கை நுரை, அமுக்கினால் நன்றாக எழும்பும் வகை) போட்டுப் பாருங்கள். 14.7 கிலோ. மொத்தம் 12 + 14.7 + 14.7 + 4 = 45.4. சீட்டுக்கு அரை கிலோ வித்தியாசம். அடி அடுக்கில் ஊசி ஓட்டைகள் இருந்தனவா?

வேளச்சேரிவாசி

இல்லை! மேல் இரண்டில் இருந்தன, அடியில் வழவழவென்று இருந்தது. "அது ஹை டென்சிட்டி சார், அதனால் ஓட்டை தேவையில்லை" என்றார். நானும் தலையாட்டினேன்.

பால்வெட்டு

ஓட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் மக்களே. சில அச்சுகளில் கம்பி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பாதி தூரம் வரும், அதனால் மறுபக்கம் மூடியிருக்கும். பலகையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஓட்டையும் இல்லை, எடையும் இல்லை என்றால் நிறைகோல் சொன்னதுதான்.

எடையிலும் ஏமாற்ற இடம் உண்டு, ஆனால் அது எதிர்த் திசையில். சுண்ணாம்புத் தூள், களிமண் தூள் கலந்து நுரையைக் கனமாக்குவார்கள். அடர்த்தி 90 என்று சீட்டில் இருக்கும், ரப்பர் குறைவாக இருக்கும், சில வருடத்தில் விரல் பட்டால் உதிரும். மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, திறந்த வெளியில் கொளுத்திப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடு இருப்பதால் நல்ல லேடக்ஸிலும் கொஞ்சம் சாம்பல் விழும். துண்டின் வடிவத்திலேயே வெள்ளைக் கட்டியாக நின்றால் தூள் அதிகம் என்று அர்த்தம். செயற்கை ரப்பர் கலந்திருப்பதை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சான்றிதழ்தான் கேட்க வேண்டும். ஜி.ஓ.எல்.எஸ். முத்திரை என்றால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை வேளாண்மை லேடக்ஸ்.

வேளச்சேரிவாசி

எல்லாம் சரி. ஆனால் இப்போது எனக்கு வேறொரு குழப்பம். நான் இருபது நிமிடம் தூங்கியது பாதி ஃபோமின் மேல். அப்படியென்றால் எனக்குப் பிடித்தது லேடக்ஸா, ஃபோமா? கடைக்காரர் சொன்ன மெத்தையைச் செய்வதா, நான் படுத்த மெத்தையைச் செய்வதா?

சும்மாவந்தவன்

கடையில் ஏ.சி. இருந்ததா? அதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கும்.

ஊசிநூல்

தம்பி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. படுத்த மெத்தையைச் செய்யுங்கள். சொன்ன மெத்தையைச் செய்து நான் கெட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கிறேன். தையல் தெரியும், அதனால் வந்த தைரியம். 2019இல் எங்கள் கட்டிலுக்கு 6 அங்குலம், இரண்டு அடுக்கு லேடக்ஸ் வாங்கினேன். கடையில் பார்த்த மாடலில் எழுதியிருந்த அதே அடர்த்தி. பலகைகளை வெறுமனே விரித்து, மேலே ஒரு பழைய வாயில் புடவையைப் போட்டுப் படுத்தேன். அப்பா, என்ன சுகம்! சரி, உறை மட்டும் தைத்தால் முடிந்தது என்று கெட்டியான காட்டன் துணியில், உள்ளே பஞ்சுத் தகடு வைத்து, கட்டம் கட்டமாகக் குயில்டிங் போட்டுத் தைத்தேன். நல்ல அழகு. போட்டு ஜிப்பை இழுத்தேன். மறுநாள் காலையில் தோள் வலி. அதே பலகை, அதே கட்டில், அதே நான்.

காரணம் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. லேடக்ஸ் உங்கள் தோள் இருக்கும் இடத்தில் மட்டும் குழிந்து, பக்கத்தில் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் அதன் குணம். மேலே இழுபடாத துணியைப் போர்த்தினால், தோள் குழிய முயலும்போது துணி நாலு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டிலில் கயிறு முறுக்கிக் கட்டினது போல. நீங்கள் படுப்பது லேடக்ஸில் அல்ல, துணியில். அதோடு நான் உறையின் உயரத்தை அரை அங்குலம் குறைத்து வெட்டியிருந்தேன், "இறுக்கமாக இருந்தால் நன்றாக நிற்கும்" என்று. மேல் அடுக்கு எப்போதும் அரை அங்குலம் அமுங்கியே கிடந்தது. மென்மைக்குக் கொடுத்த காசு ஜிப்புக்குள் செத்துப்போயிற்று.

பிறகு திருப்பூரில் நிட் துணி வாங்கினேன். பனியன் துணிபோல நாலு பக்கமும் இழுபடும், ஆனால் கனமானது, மெத்தை உறைக்கென்றே வருகிறது. மேல்பக்கத்துக்கு அது, பக்கவாட்டுக்கும் அடிக்கும் இழுபடாத காட்டன். மூன்று பக்கம் ஜிப். உயரம் அடுக்கின் உயரத்துக்குச் சரியாக, ஒரு நூல்கூடக் குறையாமல். தோள் வலி போயிற்று.

அதனால் அடர்த்தி, எண் எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடை மெத்தையின் மேல்துணியைக் கிள்ளிப் பாருங்கள். இழுபடுகிறதா? உள்ளே குயில்டிங் எத்தனை தடிமன்? அதைக் குறித்துக்கொண்டு வராமல் பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

நிறைகோல்

ஊசிநூல் அக்கா சொன்னதை அளந்தே பார்க்கலாம். ஸ்காபரோபனி சொன்ன 50 சதுர அங்குலத் தட்டு என்பது 8 அங்குல விட்டமுள்ள வட்டம், வேறொன்றும் இல்லை. பிளைவுட்டில் ஒரு வட்டம் வெட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ. பன்னிரண்டு பாட்டிலை ஒரு பையில் போட்டுத் தட்டின்மேல் வைத்து, பக்கத்தில் ஒரு நீளமான ஸ்கேலைக் குறுக்கே பிடித்து எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். முழு மெத்தையின்மேல் வைப்பதால் இது ஐ.எல்.டி. எண் ஆகாது. ஆனால் கடை மெத்தையிலும் உங்கள் அடுக்கிலும் ஒரே தட்டு, ஒரே பாட்டில்கள், ஒரே இறக்கம் வந்தால் கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது என்று பொருள்.

வேளச்சேரிவாசி

சிரிக்காதீர்கள். செய்துவிட்டேன். தட்டைப் பார்த்ததும் விற்பனையாளர், "சார், இது படுத்துப் பார்க்கிற மெத்தை, பாட்டில் அடுக்கிப் பார்க்கிற மெத்தை இல்லை" என்றார். நான் பொறியாளர் என்று சொன்னதும் விட்டுவிட்டார். (நான் வங்கியில் வேலை பார்க்கிறேன்.) 12 கிலோவுக்கு 33 மில்லிமீட்டர் இறங்கியது. மேல்துணி நிட், நன்றாக இழுபடுகிறது. துணிக்கு அடியில் மெல்லிய தகடு, அரை அங்குலம்கூட இராது.

பழையபஞ்சு

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். இலவம்பஞ்சு மெத்தை போட்டுப் பழகிய குடும்பம். லேடக்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்.

மகன் போன வருடம் லேடக்ஸ் மெத்தை வாங்கித் தந்தான். சித்திரை மாதம், நல்ல வெயில். இலவம்பஞ்சு மெத்தையை வருடத்துக்கு நாலு தடவை மொட்டைமாடியில் காயப் போட்டு, தட்டி எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெயிலில் பஞ்சு உப்பிப் புதிதாகிவிடும். அதே நினைப்பில் உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, பலகையை மாடியில் விரித்துவிட்டேன். தூக்கிக்கொண்டு படியேறவே மூன்று பேர் வேண்டியிருந்தது, ஈர ஜமக்காளம் மாதிரி எந்தப் பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் தொங்குகிறது. மூன்று நாள் அப்படிச் செய்தேன். மேல்தோல் மஞ்சளாகி, தேய்த்தால் பிஸ்கட் தூள் மாதிரி உதிர ஆரம்பித்தது. மகனிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பால்வெட்டு

ஐயா, ரப்பருக்கு வெயில் எமன். நிழலில், விசிறிக் காற்றில் உலர்த்தினால் போதும். எண்ணெயும் ஆகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்பவர்கள் உறைக்கு மேலே ஒரு பாதுகாப்பு விரிப்பு கட்டாயம் போடுங்கள், எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பி நைந்துபோகும். உதிர்ந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டுவிடுங்கள், இன்னும் பல வருடம் ஓடும். மகன் உறையைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோபனி

வேளச்சேரிவாசி, ஃபோம் போடுவதா இல்லையா என்று முடிவு செய்துவிட்டீர்களா? என் வாக்கு முழு லேடக்ஸுக்கு. ஃபோம் கெதியாகத் தளர்ந்துவிடும்.

பால்வெட்டு

என் வாக்கும் முழு லேடக்ஸுக்கு. ரப்பர் விலை ஏறினால் எனக்கும் நல்லதுதான், மறைக்கவில்லை.

ஊசிநூல்

இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஃபோம் தளர்வது பெரும்பாலும் மேல் அடுக்கில்தான், உடம்பு நேராக அழுத்தும் இடத்தில். நாலு அங்குல லேடக்ஸுக்கு அடியில் கிடக்கும் நல்ல எச்.ஆர். ஃபோமுக்கு அவ்வளவு வேலை இல்லை. நான் கேட்பது வேறு. ஃபோமை ஃபோம் என்று சொல்லி, அதற்கான விலையில் விற்றால் என்ன குறை? லேடக்ஸ் என்று சொல்லி லேடக்ஸ் விலை வாங்குவதுதான் தப்பு. தம்பிக்குப் படுத்தது பிடித்திருக்கிறது. பிடித்ததை மாற்றச் சொல்ல நாம் யார்?

நிறைகோல்

அக்காவுக்கு ஒரு ஓட்டு. இன்னொரு யோசனை: 72 அகலத்தை ஒரே பலகையாக வாங்காமல், 36, 36 என்று இரண்டாக வாங்குங்கள். 92 கிலோவுக்கும் 54 கிலோவுக்கும் ஒரே மெத்தை எப்படிப் பொருந்தும்? இரண்டாக இருந்தால் அவரவர் பக்கத்தை அவரவர் அடுக்கிக்கொள்ளலாம். 2 அங்குலப் பலகை ஒன்று 6, 7 கிலோதான் வரும், ஒரே ஆள் தூக்கலாம். உறை ஒன்றே போதும், நடுக்கோடு தெரியாது.

வேளச்சேரிவாசி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மெத்தை தயார்.

அடியில் 4 அங்குலம் எச்.ஆர். ஃபோம், 40 அடர்த்தி, சென்னையிலேயே ஒரு குஷன் கடையில் வெட்டி வாங்கினேன். அதன்மேல் 2 அங்குலம் 80, மேலே 2 அங்குலம் 65. லேடக்ஸ் கேரளத்திலிருந்து லாரியில் வந்தது, நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் 78க்கு 36. வந்தவுடன் குளியலறைத் தராசில் நிறுத்தேன்: மென்மையானவை 6.1, 6.2 கிலோ, நடுத்தரம் இரண்டும் 7.3. கணக்குக்குச் சரியாக இருக்கிறது. கொளுத்திப் பார்த்த துண்டு கருகிச் சுருண்டது, கட்டியாக நிற்கவில்லை. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து "என்ன எரியுது" என்று கேட்டதுதான் மிச்சம்.

நீளத்தில் ஒரு துண்டு அரை அங்குலம் கூடுதல். நீளமான பிளேடு உள்ள கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அமுக்காமல் மெல்ல இழுத்து இழுத்து வெட்டினேன். ஓரம் நாய் கடித்தது போல வந்தது. உறைக்குள் யாருக்குத் தெரியும்?

உறைதான் கதை. அக்கா அவ்வளவு சொல்லியும், குஷன் கடைக்காரர் "நிட் துணி லூசாகிவிடும் சார், நான் போட்டுத் தரேன் பாருங்கள்" என்று குயில்டிங் துணியில் தைத்துவிட்டார். வெறும் அடுக்கில் பாட்டில் சோதனை 38 மில்லிமீட்டர் காட்டியது. அவர் உறையைப் போட்டதும் 24. கடை மெத்தை 33 என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? மனைவி படுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். உறையைத் திருப்பிக் கொடுத்தேன், பாதிப் பணம் போயிற்று. பிறகு திருப்பூரிலிருந்து நிட் துணி வரவழைத்து வேறு ஒரு தையல்காரரிடம் தைத்தேன். இப்போது 34.

செலவு: லேடக்ஸ் 21,500. ஃபோம் 7,000. துணியும் தையலும் 5,200. லாரி 1,800. வீணான உறைக்கு 2,500. மொத்தம் 38,000. கடை விலை 68,000.

சும்மாவந்தவன்

அந்த 24 மில்லிமீட்டர் உறை எங்கே? எனக்குக் கெட்டி மெத்தைதான் பிடிக்கும்.

அடையாறுஅம்மா

நாங்களும் வாங்கலாம் என்றிருக்கிறோம். வாசனை வருமா? எங்கள் கட்டில் பிளைவுட் பலகை போட்டது, அதன்மேல் போடலாமா? கடற்கரைப் பக்கம் என்பதால் ஈரப்பதம் அதிகம்.

பால்வெட்டு

வாசனை வரும், ரப்பர் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தால் சில வாரத்தில் அடங்கும். எங்களுக்கு அது பழகிய மணம், நல்லதாகவே தோன்றும். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருகிறவர் வீட்டில் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஊசிநூல்

பிளைவுட் மேல் போடலாம் அம்மா, ஆனால் பலகைக்கு மூச்சு வேண்டும். உடம்புச் சூடும் வியர்வையும் கீழே இறங்கி, மூடிய பலகையில் தட்டி நிற்கும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். தச்சரைக் கூப்பிட்டுப் பலகையில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் துளை போடச் சொல்லுங்கள். அடியில் கட்டிலோடு இணைந்த பெட்டி இருந்தால் துளை போட்டும் பயன் குறைவு. வாரம் ஒரு தடவையாவது மெத்தையின் ஓரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, விசிறியைப் போட்டு வையுங்கள். சட்டக் கட்டில் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை அதற்குள் இறங்கும்.

வேளச்சேரிவாசி

நாலு மாதம் ஆகிறது. ஒரு திருத்தம் சொல்ல வந்தேன்.

பாட்டில் சோதனையில் பொருந்தியது. முதல் மாதம் நன்றாகவே தூங்கினேன். பிறகு காலையில் இடுப்பில் ஒரு பிடிப்பு. மனைவிக்கு ஒன்றும் இல்லை. கடையில் நான் படுத்தது இருபது நிமிடம், இங்கே ஏழு மணி நேரம். 92 கிலோ ஆள் ஏழு மணி நேரம் மல்லாந்து கிடந்தால் இடுப்பு 65 அடர்த்தியைத் தாண்டி இறங்கிவிடுகிறது. பன்னிரண்டு பாட்டிலுக்கு அது எப்படித் தெரியும்?

போன சனிக்கிழமை என் பக்கம் மட்டும் உறையைத் திறந்து, 80ஐ மேலே போட்டு 65ஐ நடுவில் வைத்தேன். பத்து நிமிட வேலை. பசை போட்டிருந்தால் தொலைந்தேன். இடுப்புப் பிடிப்பு மூன்றாம் நாளே குறைந்துவிட்டது. மனைவி பக்கம் பழையபடியே இருக்கிறது. பாட்டில் வைத்தால் இப்போது என் பக்கம் 29, அவள் பக்கம் 34. ஆக, கடை மெத்தையோடு பொருந்தியிருப்பது அவள் பக்கம்தான்.

ஸ்காபரோபனி

அப்படியென்றால் கடையில் 68,000 கொடுத்திருந்தாலும் உங்களுக்கு இடுப்பு பிடித்திருக்கும்.

வேளச்சேரிவாசி

ஆமாம் அண்ணா. அப்போது ஜிப்பைத் திறந்து மாற்றத் தோன்றியிருக்காது.

புதுவரவு

முழு இழையையும் படித்தேன். அப்பாவுக்கு 75க்கு 36 அளவில் செய்யப் போகிறேன். அவர் 70 கிலோ, ஒருக்களித்துப் படுப்பார். உங்கள் மனைவி பக்கத்து அடுக்கையே அப்படியே வைக்கட்டுமா?

வேளச்சேரிவாசி

அப்படியே வைக்கலாம், ஆனால் பசை போடாதீர்கள், உறையை மூன்று பக்கம் ஜிப் வைத்துத் தையுங்கள். ஒரு மாதம் கழித்து அப்பாவிடம் தோளையும் இடுப்பையும் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள். பிளைவுட் தட்டு வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். இப்போதைக்கு அது எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்துக்கு மூடியாக இருக்கிறது.